டீசல் வாகனக்காரர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: காலை ஸ்டார்ட்டும் போத்தல் மருந்தும்

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் வளவில் ஒரு எல்எச் 113 டொல்பின் வான் (டொயோட்டா ஹையேஸ்) நிற்கிறது. 3எல் என்று பெயருள்ள பழைய டீசல் எஞ்சின், டர்போ (எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் விசிறி) இல்லாதது. கொழும்பு ஹயர், கலியாண ஹயர், மருதனார்மடம் சந்தைக்கு மரக்கறி என்று இருபது வருடத்துக்கு மேல் நான் ஓட்டுகிற வாகனம். பக்கத்தில் தம்பியின் கேடிஎச் வான், அது கொமன் ரெயில், அதாவது மிகக் கூடிய அழுத்தத்தில் டீசலைப் பாய்ச்சுகிற புது வகை எஞ்சின். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடமும் கையில் இருக்கிற எஞ்சினைக் காப்பாற்றுவதுதான் எல்லாருடைய கவலையும். காலையில் எவ்வளவு நேரம் ஓடவிட வேண்டும், டீசல் தாங்கிக்குள் ஊற்றும் போத்தல் மருந்து தேவையா என்று அப்போது தொடங்கிய கேள்விகள் இன்னும் நிற்கவில்லை. திரும்பத் திரும்ப வருகிறவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

காலையில் எவ்வளவு நேரம் எஞ்சினை ஓடவிட்டு எடுக்க வேண்டும்?

எங்கள் ஊரில் கொமன் ரெயில் எஞ்சினுக்கு அரை நிமிடம் போதும். பழைய பம்ப் எஞ்சினுக்கு ஒரு நிமிடம், மார்கழி மழையில் நனைந்து நின்ற வாகனம் என்றால் இரண்டு நிமிடம். ஒயில் லைட் அணைந்து, எஞ்சின் சத்தம் ஒரு சீருக்கு வந்துவிட்டால் கியரைப் போடலாம்.

பலருக்கு இதை ஏற்க மனம் வராது. ஐயாமார் காலத்தில் லொறியை ஸ்டார்ட் பண்ணிவிட்டு, முகம் கழுவி, சாமி கும்பிட்டு, தேத்தண்ணியும் குடித்துவிட்டுத்தான் ஏறுவார்கள். அப்போது ஊற்றியது 40 நம்பர் ஒயில். குளிர்ந்து நின்றால் பாணி மாதிரித் தடித்திருக்கும், மேலே ஏற நேரம் எடுக்கும். இப்போது நாங்கள் ஊற்றுகிற 15டபிள்யூ-40 சில விநாடிகளில் மேலே போய்விடும். அதோடு, யாழ்ப்பாணத்தில் தை மாத விடியற்காலையில்கூட 20 பாகைக்குக் கீழே போவது அரிது. எஞ்சினுக்கு அது குளிரே கிடையாது.

நின்ற இடத்தில் ஓடும் டீசல் எஞ்சின் லேசில் சூடேறாது என்பதைத்தான் நாங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். டீசல் எஞ்சினுக்குள் காற்று எப்போதும் நிறையப் போகும், சும்மா நின்று ஓடும்போது டீசல் மட்டும் துளித்துளியாகப் போகும். அந்தச் சின்ன நெருப்பு அவ்வளவு இரும்பையும் தண்ணீரையும் சூடாக்க முடியாமல் திணறும். பதினைந்து நிமிடம் நின்றாலும் வெப்ப முள் பெரும்பாலும் அரைவாசிக்கு வராது. குளிர்ந்த சிலிண்டரில் எரியாத டீசல் சுவரில் படிந்து, பிஸ்டன் ரிங் வழியாகக் கீழே இறங்கி ஒயிலோடு கலக்கும். சிலருடைய வாகனத்தில் ஒயில் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும், ஒயில் அளவு பார்க்கும் கம்பியை இழுத்து முகர்ந்தால் டீசல் மணக்கும். டீசலை உள்ளே விசிறுகிற நொசிலின் வாயில் கரி கட்டுவதும் இப்படி நின்று ஓடுகிற நேரத்தில்தான்.

செலவையும் பாருங்கள். வான் அளவு எஞ்சின் ஒன்று சும்மா நின்று ஓட மணிக்கு அரை லீற்றரிலிருந்து ஒரு லீற்றர் வரை குடிக்கும். தினமும் 15 நிமிடம் என்றால் மாதம் ஏழரை மணித்தியாலம். நாலு முதல் ஏழு லீற்றர் வரை மதிலைப் பார்த்து எரிக்கிறோம்.

அந்த மதிலுக்கு அந்தப் பக்கம் யாருடைய படுக்கையறை யன்னல் இருக்கிறது என்பதையும் யோசியுங்கள். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இல் வகைப்படுத்திவிட்டது. விடியப்புறம் காற்று அசையாமல் நிற்கும்போது புகை வளவுக்குள்ளேயே சுற்றிக்கொண்டு நிற்கும்.

அப்படியென்றால் எஞ்சினை எப்படித்தான் சூடாக்குவது?

ஓட்டித்தான். முதல் நாலைந்து கிலோமீற்றரை மெதுவாக ஓட்டுங்கள். அக்சிலேட்டரை அரைவாசிக்கு மேல் மிதிக்காமல், கியரை நேரத்துக்கு மாற்றி, 2,000 சுற்றுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நான் கொக்குவில் சந்தியில் ஏறி காங்கேசன்துறை வீதியால் ரவுனுக்குப் போகும்போது தட்டாதெருச் சந்தி வரும்வரை யாரையும் முந்துவதில்லை. பஸ் நிலையத்துக்குக் கிட்டப் போகும்போது முள் தன் இடத்துக்கு வந்திருக்கும். எஞ்சினோடு கியர் பெட்டி, டிஃபரன்சல், வீல் பெயரிங் எல்லாமே சேர்ந்து சூடேறும். நிற்க வைத்து ஓடவிட்டால் இவற்றில் ஒன்றும் சூடாகாது.

திறப்பைத் திருப்பியதும் எரிகிற ஹீட்டர் லைட் அணையும்வரை காத்திருக்க வேண்டுமா? இங்கே வெயில்தானே?

காத்திருங்கள், நாலைந்து விநாடிதான். 3எல், 5எல் போன்ற பழைய எஞ்சின்களில் டீசல் நேரே சிலிண்டருக்குள் பாயாது, எஞ்சின் தலையில் உள்ள சின்ன அறைக்குள் பாய்ந்து அங்கேதான் தீப்பிடிக்கும். அந்த அறையின் சுவர் காற்றின் சூட்டை உறிஞ்சிவிடுவதால் ஹீட்டர் பிளக்கின் துணை தேவை. கொமன் ரெயிலில் டீசல் நேரே பிஸ்டன் தலைக்கு மேல் பாய்வதால் எங்கள் வெயிலில் ஹீட்டர் இல்லாமலே பிடித்துவிடும். லைட் வந்தாலும் உடனே போய்விடும்.

நாலு பிளக்கில் ஒன்று செத்தால் காலையில் எஞ்சின் ஒரு காலை நொண்டுகிற மாதிரி ஓடி, கொஞ்சம் வெள்ளைப் புகை விட்டு, அரை நிமிடத்தில் சரியாகிவிடும். இதற்குத்தான் நிறையப் பேர் போத்தல் மருந்து வாங்குகிறார்கள். முதலில் ஒரு மீற்றரை வைத்துப் பிளக்குகளைப் பாருங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் நன்றாக றேஸ் பண்ணினால் கெதியாகச் சூடாகாதா?

ஆகும். எஞ்சினும் கெதியாகத் தேயும். டர்போவின் அச்சு சுமையில் ஓடும்போது நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டிச் சுழலக்கூடியது. அதைத் தாங்குவது ஒரு மெல்லிய ஒயில் படலம்தான். ஒயில் போய்ச் சேரும்முன் றேஸ் பண்ணினால் அது வெறும் இரும்பில் சுழலும்.

பஸ், லொறிக்காரர் ஏன் அப்போது பத்து நிமிடம் ஓடவிடுகிறார்கள்?

அவர்களுக்கு அது தேவை. எயார் பிரேக் வாகனத்தில் தொட்டியில் காற்று நிரம்பும்வரை நகரக்கூடாது. இரவில் காற்று இறங்கியிருந்தால் கோண்டாவில் டிப்போவில் நிற்கிற பஸ் என்றாலும், உங்கள் வீட்டு வாசலில் நிற்கிற டிப்பர் என்றாலும் எச்சரிக்கைச் சத்தம் நின்று, காற்று முள் தன் அளவுக்கு வந்த பிறகுதான் எடுக்க வேண்டும். ஆனால் அவர்களைப் பார்த்துவிட்டு எயார் பிரேக் இல்லாத பொலேரோ, டிமோ பட்டா போன்ற சின்ன வாகனங்களையும் பத்து நிமிடம் நிற்க வைப்பதில் பொருளில்லை. காற்று நெடுகவும் இறங்குகிறது என்றால் எங்கேயோ கசிகிறது, அதைத் தேடுங்கள்.

நிற்பாட்டும்போது எஞ்சினை ஓடவிட வேண்டுமா?

டர்போ இருந்து, ஏ9 வீதியில் வேகமாக வந்து, முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க இறங்குகிறீர்கள் என்றால் ஒரு நிமிடம், கூடினால் இரண்டு நிமிடம் ஓடவிட்டு நிற்பாட்டுங்கள். கொதிக்கிற டர்போவில் ஒயில் ஓட்டம் சட்டென்று நின்றால் உள்ளே நிற்கிற ஒயில் கருகிக் கரியாகும். ரவுனுக்குள் பொடிநடையாக உருட்டி வந்து வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பினால், அந்தக் கடைசிக் கிலோமீற்றரிலேயே டர்போ ஆறியிருக்கும். உடனே நிற்பாட்டலாம்.

எஞ்சின் கொதிக்கிறது என்று கராஜில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார்கள். இப்போது முள் ஏறுவதே இல்லை. நல்லதுதானே?

நல்லதில்லை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் டீசல் எஞ்சின்களுக்கு நடக்கிற பெரிய கேடுகளில் இது ஒன்று, போத்தல் மருந்தைப் பற்றிக் கேட்கிற பத்துப் பேரில் நாலு பேருக்கு உண்மையான கோளாறு இங்கேதான் இருக்கிறது என்பது என் அனுபவம்.

எங்கள் மண் சுண்ணாம்புக் கல். கிணற்றுத் தண்ணீரைக் கேத்திலில் காய்ச்சினால் அடியில் வெள்ளையாகக் கட்டுவது எல்லா வீட்டிலும் தெரியும். அதே தண்ணீரைத்தான் ரேடியேற்றருக்கும் ஊற்றினோம், வருடக்கணக்காக. கேத்திலில் கட்டுகிறது அங்கேயும் கட்டும். ரேடியேற்றர் குழாய் அடைபட, தண்ணீர் ஓடாமல் எஞ்சின் கொதிக்கும். அப்போது கராஜில் சுலபமான வேலை தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. என் வானுக்கும் ஒருவர் அதைத்தான் செய்தார். முள் இறங்கியதும் எனக்குச் சந்தோஷம். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் கொழும்புக்குப் போய் வர முன்னைவிட ஏழெட்டு லீற்றர் கூடச் செலவு, காலைப் புகை நிற்கவே இல்லை, ஒயில் மூவாயிரம் கிலோமீற்றருக்குள் தார் மாதிரி.

தெர்மோஸ்டாட் என்பது எஞ்சின் சூடாகும்வரை ரேடியேற்றருக்குப் போகும் தண்ணீரை மறித்து வைக்கிற கதவு. பெரும்பாலான எஞ்சின்களில் 76 முதல் 88 பாகைக்குள் ஏதோ ஓர் அளவில் திறக்கும். எத்தனை பாகை என்று அதன் மேலேயே அடித்திருக்கும். அது இல்லாவிட்டால் குளிர்ந்த தண்ணீர் முதல் விநாடியிலிருந்தே சுற்றிக்கொண்டிருக்கும். நீங்கள் காலையில் ஓடவிட்டாலும் சரி, மெதுவாக ஓட்டினாலும் சரி, எஞ்சின் தன் சூட்டுக்கு வரவே வராது. சிலிண்டர் தேயும், டீசல் முழுதாக எரியாது, ஒயில் கெடும்.

ரேடியேற்றரைக் கழற்றி உள்ளே சுத்தம் செய்து, புதுத் தெர்மோஸ்டாட் போட்டு, கூலன்ட்டைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். பற்றரிக்கு வாங்குகிற தண்ணீர் அதுதான். அவசரத்துக்கு ஒன்றும் கிடைக்காவிட்டால் மழைத் தண்ணீர் பிடித்து வைத்தது கிணற்றுத் தண்ணீரைவிட மேல். ஆனால் கூலன்ட் இல்லாத தண்ணீரில் நெடுநாள் ஓட்டினால் துரு பிடிக்கும்.

கனடாவிலிருந்து அண்ணா வரும்போது டீசலுக்கு ஊற்றும் மருந்து இரண்டு போத்தல் கொண்டுவந்தார். ஊற்றலாமா?

போத்தலில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். குளிருக்கு, உறையாமல் இருக்க என்று இருந்தால் இங்கே அதற்கு வேலையே இல்லை. ரொறன்ரோவில் பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகை போகும் நாட்களில் டீசலில் உள்ள மெழுகு கட்டிப்பட்டு பில்டரை அடைத்துவிடும். அதைத் தடுக்கத்தான் அந்த மருந்து. அங்கே எஞ்சின் கட்டைக்கே மின் ஹீட்டர் போட்டு இரவில் செருகி வைப்பார்கள். நுவரெலியாவில் தை, மாசியில் சில விடியல்களில் புல்லில் உறைபனி பிடிக்கும். அங்கேயும் பஸ்கள் இந்த மருந்து இல்லாமல்தான் ஓடுகின்றன. காலையில் எவ்வளவு நேரம் ஓடவிட வேண்டும் என்று அங்கிருந்து போனில் வருகிற ஆலோசனையும் அப்படித்தான். அவர்கள் சொல்வது அவர்கள் ஊருக்குச் சரி.

நொசில் சுத்தம் செய்யும் மருந்து என்று இருந்தால் அடுத்த பதிலைப் பாருங்கள்.

இந்த மருந்துகள் எல்லாமே ஏமாற்றா?

இல்லை. ஒவ்வொன்றும் ஒரு வேலைக்கு. அந்த வேலை உங்கள் எஞ்சினில் இருக்கிறதா என்பதுதான் விஷயம்.

நொசில் சுத்தம் செய்கிறவற்றில் சோப்பு மாதிரி ஒரு சேர்மானம் இருக்கும். நொசில் வாயில் கட்டிய கரியை இரண்டு மூன்று தாங்கி டீசலுக்குள் மெல்லக் கரைக்கும். ரவுனுக்குள்ளேயே குறுந்தூரம் ஓடும் கொமன் ரெயில் வாகனத்துக்கு வருடத்தில் ஒன்றிரண்டு தடவை ஊற்றினால் பயன் இருக்கலாம். கரியைத்தான் அது கரைக்கும். தேய்ந்த நொசிலை, உடைந்த ஸ்பிரிங்கை, காற்று இழுக்கிற குழாயை எந்தப் போத்தலும் திருத்தாது.

சீட்டேன் கூட்டுகிற மருந்து இன்னொன்று. சீட்டேன் எண் என்பது டீசல் எவ்வளவு கெதியாகத் தீப்பிடிக்கும் என்பதன் அளவு. ஐரோப்பியத் தரத்தில் குறைந்தது 51 இருக்க வேண்டும். இந்த மருந்து அதைச் சில புள்ளிகள் கூட்டும். குளிர்ந்த எஞ்சினின் தட்டல் சத்தம் கொஞ்சம் குறையும். இழுவைச் சக்தி கூடும் என்று நினைத்து வாங்கினால் ஏமாறுவீர்கள்.

தண்ணீரை அகற்றும் மருந்தில் கவனம் வேண்டும். இதில் இரண்டு இனம். ஒன்று தண்ணீரை டீசலிலிருந்து பிரித்துக் கீழே இறக்கும். பிறகு அதை பில்டர் அடியால் நீங்கள் திறந்துவிடலாம். மற்றது அல்ககோல் கலந்தது, தண்ணீரை டீசலோடு கரைத்து நொசில் வழியாகவே அனுப்பிவிடும். கொமன் ரெயிலில் அழுத்தம் 1,300, 1,800 பார் என்று போகும், உள்ளே உள்ள இடைவெளி தலைமயிரைவிடப் பலமடங்கு மெல்லியது. அதற்குள் தண்ணீர் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அல்ககோல் கலந்ததை கொமன் ரெயிலுக்கு ஊற்றாதீர்கள்.

லீற்றருக்கு எவ்வளவு கூட ஓடும்?

நீங்களே கணக்குப் போடுங்கள். போத்தலின் விலை பத்து லீற்றர் டீசலின் விலைக்குச் சமம் என்று வையுங்கள். அறுபது லீற்றர் தாங்கிக்கு ஒரு போத்தல். அந்தக் காசு திரும்பி வர, அறுபதில் பத்து லீற்றர் மிஞ்ச வேண்டும். லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடிய வான் பன்னிரண்டு ஓட வேண்டும். நல்ல நிலையில் உள்ள எஞ்சினில் எந்த மருந்தும் அவ்வளவு கொடுக்காது. ரயர் காற்றும் எயார் பில்டரும் சரியாக இருந்தால் கிடைப்பது மருந்து தருவதைவிடக் கூட.

ஒட்டோ டீசலா, சுப்பர் டீசலா?

ஒட்டோ என்பது எல்லாரும் அடிக்கிற சாதாரண டீசல். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கந்தகம். சுப்பரில் கந்தகம் மிகக் குறைவு, யூரோ 4 தரத்துக்குச் செய்தது. கந்தகம் எரிந்து ஈரத்தோடு சேர்ந்தால் அமிலமாகும், அது ஒயிலைக் கெடுக்கும். பழைய பம்ப் எஞ்சின் ஒட்டோ டீசலில் நன்றாகவே ஓடும், ஒயிலை நேரத்துக்கு மாற்றினால் போதும். குளிர்ந்த எஞ்சினில் குறுந்தூரம் ஓடுகிறவர்களுக்கு இந்த அமிலம் கூடச் சேரும், ஆதலால் அவர்கள் ஒயிலை முந்தி மாற்ற வேண்டும்.

புகைக் குழாயில் டிபிஎஃப் எனப்படும் கரி வடிகட்டி உள்ள புது வாகனம் என்றால் பேச்சே இல்லை, சுப்பர்தான். போத்தல் மருந்துக்குச் செலவழிக்க வைத்திருக்கிற காசை இதற்குக் கொடுங்கள்.

மண்ணெண்ணெய் கொஞ்சம் கலந்தால் என்ன? இந்தியாவில் 2ரி ஒயில் (டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஒயில்) ஊற்றுகிறார்களாமே?

எங்கள் ஊரில் மண்ணெண்ணெய்க்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் கண்ணாலும் காண முடியாது. ஏ40 என்ற பழைய ஒஸ்ரின் காரையும் மோட்டார் சைக்கிளையும் சின்னப் போத்தலில் பொத்திவைத்த பெற்றோலில் நாலு சொட்டு விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினோம். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கார்கள் அப்படித்தான் ஓடின. அந்தக் கெட்டித்தனத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவை கார்புரேட்டர் வைத்த பெற்றோல் எஞ்சின்கள். எரிபொருள் அங்கே எரிவதற்கு மட்டும்தான்.

எங்கள் வான் எஞ்சின்களின் டீசல் பம்புக்கு டீசலே ஒயில். அதற்கு வேறு கிரீஸ் கிடையாது. மண்ணெண்ணெயின் வழுவழுப்பு டீசலைவிடக் குறைவு. பம்பும் நொசிலும் உலர்ந்து உராயும். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறியது. அதற்கு முன் டீசல் அதைப் போலப் பல மடங்கு விலை விற்றபோது கலந்து ஓட்டினவர்கள் உண்டு. பிறகு பம்ப் வேலைக்குக் கொடுத்த காசு மிச்சம் பிடித்ததை விழுங்கிவிட்டது.

2ரி ஒயில் அதற்கு எதிர்ப்பக்கம். வழுவழுப்பைக் கொஞ்சம் கூட்டும் என்பது உண்மை. பழைய பம்ப் எஞ்சினில் இருநூறு லீற்றருக்கு ஒரு லீற்றர் அளவில் ஊற்றினால் பெரிய கெடுதி வராது, பெரிய நன்மையும் எனக்குத் தெரிந்து வரவில்லை. கொமன் ரெயிலுக்கும் டிபிஎஃப் உள்ளதற்கும் வேண்டவே வேண்டாம், அது எரிந்து விடுகிற சாம்பல் வடிகட்டியில் தங்கும். அசிற்றோன், தின்னர் போன்றவை ரப்பர் சீலைத் தின்றுவிடும். ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள்.

அப்போது டீசலைப் பற்றி நாங்கள் உண்மையில் கவனிக்க வேண்டியது என்ன?

தண்ணீர். மருந்துக் கடைக்குப் போகும்முன் செய்ய வேண்டிய வேலை இதுதான், இதற்குக் காசும் போகாது.

ஐப்பசி முதல் மார்கழி வரை எங்களுக்கு மழை. நிலத்தடித் தாங்கியிலும் தண்ணீர் போகலாம், உங்கள் தாங்கியின் மூடியாலும் போகலாம், அரைவாசி வெறும் தாங்கிக்குள் இரவில் காற்று குளிர்ந்து தானாகவும் ஊறும். தண்ணீர் டீசலைவிடப் பாரம் என்பதால் அடியில் போய் நிற்கும். பில்டருக்குக் கீழே ஒரு சின்னத் திருகு இருக்கிறது. மாதம் ஒருக்கால், மழைக்காலத்தில் இரண்டு கிழமைக்கு ஒருக்கால், காலையில் ஸ்டார்ட் பண்ணும்முன் அதைத் திறவுங்கள். கீழே ஒரு வெள்ளைக் கண்ணாடிப் போத்தலைப் பிடித்து, பில்டர் தலையில் உள்ள கைப்பம்பை நாலைந்து தடவை அமத்துங்கள். அரைக் கோப்பை வந்ததும் பூட்டிவிட்டுப் போத்தலை ஆடாத இடத்தில் வைத்துப் பத்து நிமிடம் பொறுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் வேறாகத் தெரியும். மேலே தேன் நிறத்தில் டீசல், கீழே நிறமில்லாத ஒரு வட்டம், இரண்டுக்கும் நடுவில் கோடு கீறினது போல இருக்கும். போத்தலைச் சரித்தால் அந்த வட்டம் பாதரசம் மாதிரி உருண்டு ஓடும். அந்த உருண்டை பம்புக்குள் போகாமல் என் கையில் வந்ததே என்று ஒவ்வொரு தடவையும் எனக்கு நிம்மதியாக இருக்கும். அது வரவர விட்டுக்கொண்டே இருங்கள், சுத்தமான டீசல் வரும்வரை.

நடுக்கோட்டில் கறுப்பாக, வழும்பு மாதிரி ஏதும் மிதந்தால் அது பூஞ்சணம். தண்ணீரும் டீசலும் சந்திக்கிற இடத்தில்தான் அது வளரும். 2022இல், எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வரும்முன், வரிசையில் இரவு பகலாக நின்று எடுத்த டீசலைக் கானில் சேர்த்து வைத்தோமே, அதிலே இதைக் கண்டேன். எங்கள் கொட்டிலில் ஐந்து மாதம் இருந்த கானைத் திறந்தபோது கெட்ட முட்டை மணம். அடியில் கறுப்புச் சளி. அப்படி ஆனால் பூஞ்சணத்தைக் கொல்லும் மருந்துதான் தேவை, இங்கே போத்தலுக்கு உண்மையான வேலை உண்டு. ஆனால் தண்ணீரை முழுக்க அகற்றாமல் ஊற்றினால் திரும்ப வளரும். செத்த பூஞ்சணம் பில்டரை அடைக்கும் என்பதால் கையில் ஒரு புது பில்டரும் வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது, பில்டரில் தண்ணீர் சேர்ந்ததைக் காட்டும் லைட் எரிந்தால்?

ஓரமாக நிற்பாட்டி, மேலே சொன்னபடி தண்ணீரைத் திறந்துவிடுங்கள். வீடு வரை போய்ப் பார்ப்போம் என்று ஆனையிறவிலிருந்து ஓட்டி வராதீர்கள். கொமன் ரெயிலில் ஒரு நொசிலின் விலை பழைய நொசிலைப் போலப் பல மடங்கு.

புகைச் சோதனைக்குப் போகும்முன் மருந்து ஊற்றினால் பாஸ் ஆகுமா?

சோதனைக்குப் போவதற்கு முதல் அரை மணி நேரம் நல்ல தெருவில் ஓட்டிப் போங்கள். எஞ்சின் முழுச் சூட்டில் இருக்க வேண்டும். அங்கே வரிசையில் ஒரு மணி நேரம் சும்மா ஓடவிட்டு நின்றால் உள்ளே கரி சேர்ந்து, அவர்கள் அக்சிலேட்டரை மிதிக்கும்போது எல்லாம் சேர்ந்து வெளியே வரும். வரிசை நீளம் என்றால் நிற்பாட்டி வையுங்கள். எயார் பில்டரைப் புதிதாகப் போடுங்கள், கறுப்புப் புகைக்குப் பாதிக் காரணம் காற்றுப் போதாமைதான். வெள்ளைப் புகை எரியாத டீசல். நீலப் புகை ஒயில், அதற்கு மருந்து கிடையாது, எஞ்சின் வேலைதான்.

பெற்றோல் செட்டில் பெடியன் மாறிப் பெற்றோலை அடித்துவிட்டான். என்ன செய்ய?

திறப்பைத் திருப்பாதீர்கள். தள்ளி ஓரத்தில் விட்டு, தாங்கியை முழுக்க இறக்கிவிட்டு டீசல் நிரப்புங்கள். ஸ்டார்ட் பண்ணிவிட்டீர்கள் என்றால் பைப், பில்டர் எல்லாம் கழுவ வேண்டும். ஐந்து லீற்றர்தானே, டீசலை மேலே நிரப்பினால் கலந்துவிடும் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரமும் படகு எஞ்சினும் மாதக்கணக்கில் நிற்கின்றன. அவற்றுக்கு?

தாங்கியை நிரப்பி வையுங்கள், வெறும் இடம் இருந்தால் ஈரம் ஊறும். ஒரு மாதத்துக்கு ஒருக்கால் ஸ்டார்ட் பண்ணுவது என்றால் சும்மா ஓடவிட்டு நிற்பாட்டாமல் வயலில் ஒரு சுற்று, கடலில் ஒரு சுற்றுப் போய் வாருங்கள். ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிற்பாட்டினால் உள்ளே ஈரத்தைச் சேர்த்ததுதான் மிச்சம். படகுத் தாங்கியில் ஆறு மாதத்துக்கு மேல் டீசலை வைக்காதீர்கள்.

எல்லாம் பார்த்துவிட்டேன், நொசில் மருந்து ஒருக்கால் ஊற்றித்தான் பார்க்கப் போகிறேன். எப்படி ஊற்றுவது?

சரி. முதலில் பில்டர் தண்ணீரைத் திறந்துவிடுங்கள். பெற்றோல் செட்டுக்குப் போய், டீசல் அடிக்கும்முன் மருந்தைத் தாங்கிக்குள் ஊற்றுங்கள். பிறகு அடிக்கிற டீசலின் வேகத்தில் அது கலந்துவிடும். போத்தலில் போட்ட அளவுக்கு மேல் ஒரு மூடியும் கூட வேண்டாம், இரட்டிப்பாக ஊற்றினால் இரட்டிப்புச் சுத்தம் வராது. அந்தத் தாங்கியை ரவுனுக்குள் சுற்றி முடிக்காமல், கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ ஒரு ஓட்டம் இருக்கிற கிழமையில் செய்யுங்கள். சூடான எஞ்சினில் சுமையோடு ஓடும்போதுதான் அது வேலை செய்யும். இரண்டு தாங்கி முடிந்ததும் பில்டரை மாற்றுங்கள், கழன்ற அழுக்கு அங்கேதான் வந்து நிற்கும். அதற்குப் பிறகும் தட்டலும் புகையும் அப்படியே இருந்தால் மூன்றாவது போத்தல் வாங்காமல், நொசில்களைக் கழற்றி ரெஸ்ற் மேசையில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள். நல்ல நொசில் மூடுபனி மாதிரிப் பூவாக விசிறும். கெட்டது தாரையாகப் பாயும், அல்லது நுனியில் ஒரு துளி தொங்கும்.